அந்த வேர்டு கோப்பை அழித்துவிடாதீர்கள்: திறந்த அணுகலுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் களஞ்சியப் பிரிவை, அதாவது எங்கள் ஆய்வாளர்களின் கட்டுரைகளை இணையத்தில் சேமித்துத் திறந்துவைக்கும் பிரிவை, பார்த்துக்கொள்பவன் நான். என் மேசைக்கு வரும் பேராசிரியர்கள் பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடுதான் வருவார்கள். "கட்டுரை வெளிவந்துவிட்டது, எல்லாரும் படிக்கும்படி ஏற்றிவிடுங்கள்." கையில் பென்டிரைவ், அதில் இதழின் முத்திரையும் பக்க எண்ணும் போட்ட அழகான பிடிஎஃப். "ஐயா, இதை ஏற்ற இதழ் அனுமதிக்கவில்லை. ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தபோது நீங்கள் கடைசியாக அனுப்பிய வேர்டு கோப்பு இருக்கிறதா?" என்று கேட்பேன். அப்போது விழும் மௌனம் எனக்குப் பழகிப்போனது. ஒரு பேராசிரியரின் கோப்பு இணை ஆசிரியரின் மடிக்கணினியில் இருந்தது. மடிக்கணினி பழுதாகி ஒரு வருடம் ஆகிறது.

ஆய்வுக் கட்டுரையை யாரும் காசில்லாமல் படிக்கவும் பயன்படுத்தவும் விடுவதுதான் திறந்த அணுகல். அதைச் சொன்னதும் பணம் கட்டுவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். நான் பார்த்தவரை, பணமில்லாமல் நின்றுபோன கட்டுரைகளைவிடக் கோப்பு தொலைந்ததால் பூட்டியே கிடக்கும் கட்டுரைகள்தான் அதிகம். இந்த வழிகாட்டியை எழுதத் தூண்டியதும் அதுதான்.

முதலில் ஒரு விளக்கம்

ஆய்வாளர் கட்டுரை எழுதுகிறார்; இதழ் அதற்குச் சன்மானம் தருவதில்லை. வேறு ஆய்வாளர்கள் அதன் தரத்தைச் சோதித்துச் சொல்கிறார்கள்; இதுதான் சகமதிப்பாய்வு. அவர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. கட்டுரை இதழில் வந்ததும், அதே ஆய்வாளர் அதைப் படிப்பதற்காக அவருடைய நூலகம் சந்தா கட்டுகிறது. அச்சடித்து அஞ்சலில் அனுப்ப வேண்டியிருந்த காலத்தில் இதற்கு ஒரு நியாயம் இருந்தது. இணையம் வந்த பிறகு அந்த நியாயம் ஆட்டம் கண்டது. 1991இல் இயற்பியலாளர் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கிய ஆர்க்கைவ் என்னும் முன்வரைவுக் (மதிப்பாய்வுக்கு முந்தைய கட்டுரை) களஞ்சியம், இதழுக்குக் காத்திராமலே கட்டுரைகள் உலகைச் சுற்றலாம் என்று காட்டியது. 2001 டிசம்பரில் புடாபெஸ்டில் கூடியவர்கள் 2002 பிப்ரவரி 14 அன்று வெளியிட்ட பிரகடனத்தில்தான் 'திறந்த அணுகல்' என்ற சொல் நிலைபெற்றது. 2003இல் பெதெஸ்டா, பெர்லின் பிரகடனங்கள் அதைத் தொடர்ந்தன.

புடாபெஸ்ட் பிரகடனத்தைக் கவனமாகப் படித்தால் அதில் இரண்டு உரிமைகள் பின்னிக் கிடப்பது தெரியும். ஒன்று, காசில்லாமல் படிப்பது. மற்றொன்று, படித்ததை நகலெடுப்பது, பகிர்வது, அச்சிடுவது, கணினி நிரலுக்குத் தரவாகக் கொடுப்பது. எழுதியவரின் பெயரைச் சொல்ல வேண்டும், எழுதியதைத் திரிக்கக் கூடாது, அவ்வளவே நிபந்தனை. பதிப்பகம் தன் தளத்தில் ஒரு கட்டுரையை இலவசமாகத் திறந்து வைத்துவிட்டு உரிமம் எதையும் குறிப்பிடாவிட்டால், முதல் உரிமை கிடைக்கிறது, இரண்டாவது கிடைப்பதில்லை. இத்தகைய கட்டுரைகளை 'வெண்கலம்' என்பார்கள். இன்று திறந்திருக்கும், நாளை மூடிக்கொள்ளலாம், கேட்க முடியாது.

படி 1: கட்டுரையின் மூன்று வடிவங்களைப் பிரித்தறியுங்கள்

இதை விளங்கிக்கொண்டால் மற்றவை பாதி முடிந்தமாதிரி.

முதலாவது, சமர்ப்பித்த வடிவம். மதிப்பாய்வுக்கு முன்பு இதழுக்கு அனுப்பியது. இதைப் பொதுவில் வைத்தால் அதுவே முன்வரைவு. இரண்டாவது, ஏற்கப்பட்ட வடிவம். மதிப்பாய்வாளர்கள் சொன்ன திருத்தங்களையெல்லாம் செய்து நீங்கள் கடைசியாக அனுப்பி, இதழாசிரியர் "ஏற்றுக்கொண்டோம்" என்று சொன்ன படி. மூன்றாவது, வெளியான வடிவம். பதிப்பகம் எழுத்துக் கோத்து, தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இட்டு வெளியிட்டது.

ஏற்கப்பட்ட வடிவம் பார்க்க அழகாக இருக்காது. வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, ஓரத்தில் வரி எண்கள், படங்களெல்லாம் கடைசியில் குவிந்து கிடக்கும். இதழின் முத்திரை எங்கும் இருக்காது. ஆனால் அறிவியல் உள்ளடக்கம் முழுவதும் அதில் வந்துவிட்டது; சகமதிப்பாய்வும் முடிந்துவிட்டது. பெரும்பாலான சந்தா இதழ்கள் பொதுக் களஞ்சியத்தில் வைக்க அனுமதிப்பது இந்த வடிவத்தைத்தான்.

இங்கே பலர் தடுமாறும் இடம் மெய்ப்பு. பதிப்பகம் திருத்துவதற்கு அனுப்பும் மெய்ப்புப் பிடிஎஃப் அவர்கள் எழுத்துக் கோத்தது. அது ஏற்கப்பட்ட வடிவம் ஆகாது. நீங்கள் வேர்டிலோ லேடெக்ஸ் என்னும் எழுத்துக்கோப்பு மென்பொருளிலோ வைத்திருப்பதுதான் வேண்டியது.

ஆகவே ஏற்புக் கடிதம் வந்த அன்றே, மகிழ்ச்சியை யாரிடமும் சொல்லும் முன்பே, கோப்பைத் தனியாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் 'ஏற்கப்பட்டது' என்ற சொல்லும் தேதியும் இருக்கட்டும். 'இறுதி', 'இறுதி 2', 'மெய்யான இறுதி' என்று வைத்துக்கொண்டு பின்னால் விழிக்காதீர்கள். ஏற்கெனவே தொலைத்தவர்களுக்கு ஓர் ஆறுதல்: இதழின் சமர்ப்பிப்புத் தளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து, முடிவடைந்த கட்டுரைகளின் பட்டியலைப் பாருங்கள். கடைசித் திருத்தத்தின் கோப்பு பெரும்பாலும் அங்கேயே இருக்கும். முதன்மைத் தொடர்பாளராக, அதாவது இதழோடு கடிதத் தொடர்பு வைத்தவராக, இருந்த இணை ஆசிரியரின் கணக்கில்தான் அது கிடைக்கும் என்பதை மறந்து, தன் கணக்கில் தேடிச் சலித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மடிக்கணினி பழுதான அந்தப் பேராசிரியரின் கோப்பும் அப்படித்தான் அகப்பட்டது.

படி 2: வழிகளின் நிறங்கள்

பச்சை வழி என்பது, எந்த இதழில் வெளியிட்டாலும் ஏற்கப்பட்ட வடிவத்தைக் களஞ்சியத்தில் வைப்பது. கட்டணம் கிடையாது. தங்க வழியில் இதழே முழுவதும் திறந்திருக்கும். பல இதழ்கள் அதற்காக ஆசிரியரிடம் கட்டுரைச் செயலாக்கக் கட்டணம் வாங்குகின்றன. வாசகரிடமும் வாங்காமல் எழுதுபவரிடமும் வாங்காமல் ஒரு கல்வி நிறுவனமோ சங்கமோ அரசோ செலவை ஏற்று நடத்தும் இதழ்கள் வைர வழியைச் சேர்ந்தவை.

தங்கம் என்றாலே கட்டணம் என்று நினைப்பது தவறு. 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திறந்த அணுகல் ஆய்விதழ்க் கையேட்டில், அதாவது டி.ஓ.ஏ.ஜே.யில், இன்று 20,000க்கும் மேற்பட்ட இதழ்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பான்மை ஆசிரியரிடம் ஒரு காசும் வாங்காதவை. தளத்தில் 'கட்டணம் இல்லாதவை' என்று வடிகட்டிப் பார்க்கும் வசதியே உண்டு. புதியவர்கள் முதலில் அந்தப் பட்டியலில்தான் தங்கள் துறையைத் தேட வேண்டும்.

எனக்குப் பிடிக்காதது கலப்பு வழி. சந்தா இதழ் சந்தாவை வாங்கிக்கொண்டே, குறிப்பிட்ட கட்டுரையை மட்டும் திறக்க ஆசிரியரிடமும் கட்டணம் வாங்கும். ஒரே பண்டத்துக்கு இரண்டு கல்லாப்பெட்டி. நேச்சர் இதழ் 2021இல் இந்த வழியைத் திறந்தபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று அறிவித்தது. அதே கட்டுரையின் ஏற்கப்பட்ட வடிவத்தை, தடைக்காலம் (அதுவரை திறக்கக் கூடாது என்று இதழ் விதிக்கும் காலம்) முடிந்ததும் செலவில்லாமல் களஞ்சியத்தில் வைத்துவிடலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

படி 3: அனுப்பும் முன்பே கொள்கையைப் பாருங்கள்

ஒவ்வோர் இதழும் எந்த வடிவத்தை, எங்கே, எப்போது வைக்க அனுமதிக்கிறது என்பதைத் தொகுத்துத் தரும் தளம் ஒன்றிருக்கிறது. ஷெர்பா ரோமியோ என்று நெடுநாள் அறியப்பட்டது. பிரிட்டனின் ஜிஸ்க் அமைப்பு நடத்துகிறது. இப்போது ஓப்பன் பாலிசி ஃபைண்டர் என்ற பெயரில் இருக்கிறது. இதழின் பெயரையோ அதன் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையோ இட்டால் மூன்று வடிவங்களுக்கும் தனித்தனி விவரம் வரும்.

எடுத்துக்காட்டாக, ஏற்கப்பட்ட வடிவத்துக்கு எதிரே இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: '12 மாதத் தடைக்காலம், நிறுவனக் களஞ்சியம், சொந்த இணையப்பக்கம், உரிமம் சிசி-பை-என்சி-என்டி, வெளியான கட்டுரைக்கு டி.ஓ.ஐ. இணைப்புத் தர வேண்டும்.' இதை எப்படி வாசிப்பது? (உரிமத்தைப் படி 4இல் பார்ப்போம்.) தடைக்காலம் பெரும்பாலும் கட்டுரை வெளியான நாளிலிருந்து தொடங்கும். ஏற்புக் கடிதம் வந்த நாளிலிருந்து எண்ணினால் முன்கூட்டியே திறந்துவிடுவோம். இடம் என்ற பகுதியில் சொல்லாத இடத்தில் வைக்கக் கூடாது. சில இதழ்கள் சொந்தப் பக்கத்தில் உடனே வைக்கலாம், களஞ்சியத்தில் ஒரு வருடம் கழித்துத்தான் என்று பிரித்து வைக்கும், அதையும் கவனியுங்கள். டி.ஓ.ஐ. என்பது கட்டுரையின் நிலைத்த இணைய அடையாள எண்; அதன் இணைப்பு இதழ் கேட்கும் மரியாதை, கொடுத்துவிடுங்கள். மேற்கோள்களும் ஒரே இடத்தில் சேரும்.

ஆய்வாளர் சமூக வலைத்தளங்களில் ஏற்றிவிட்டேன், போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. அவை வணிக நிறுவனங்கள். களஞ்சியத்துக்குரிய நிலைத்த முகவரியோ நீண்டகாலப் பாதுகாப்புப் பொறுப்போ அவற்றுக்குக் கிடையாது. வெளியான பிடிஎஃபை அங்கே ஏற்றுவதில் சட்டச் சிக்கலும் இருக்கிறது. 2017இல் எல்சவியரும் அமெரிக்க வேதியியல் சங்கமும் ரிசர்ச்கேட் மீது ஜெர்மனியில் வழக்குத் தொடுத்தது இதற்காகத்தான்.

நிதி தந்தவரின் விதியையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் தன் நிதியில் நடந்த ஆய்வுகளுக்கு 2008 முதல் 12 மாதம் வரை தடைக்காலம் அனுமதித்தது. 2025 ஜூலை 1 முதல் ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அதுவும் இல்லை, வெளியான அன்றே அந்நிறுவனத்தின் களஞ்சியமான பப்மெட் சென்ட்ரலில் திறக்க வேண்டும். ஐரோப்பிய நிதியமைப்புகள் பல சேர்ந்து 2018 செப்டம்பரில் அறிவித்து 2021இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த 'பிளான் எஸ்' திட்டமும் தடைக்காலத்தை ஏற்பதில்லை. நிதியமைப்பு ஒன்று சொல்ல, இதழ் வேறொன்று சொன்னால், இதழை மாற்றிக்கொள்ள நேரம் இருப்பது கட்டுரையை அனுப்பும் முன்புதான்.

படி 4: உரிமம், ஒப்பந்தம்

படைப்பைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமங்கள் மொத்தம் ஆறு. நான்கு துண்டுகளைக் கூட்டிக் குறைத்துத்தான் ஆறும் செய்யப்பட்டிருக்கின்றன. 'பை' என்றால் பெயரைச் சொல்லுங்கள். 'எஸ்ஏ' என்றால் மாற்றி வெளியிட்டால் இதே உரிமத்தில் வெளியிடுங்கள். 'என்சி' என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. 'என்டி' என்றால் மாற்றியதைப் பகிரக் கூடாது.

புதியவர்கள் பயத்தில் 'பை-என்சி-என்டி'யைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். எல்லாப் பூட்டும் போட்ட கதவு பாதுகாப்பானது என்ற எண்ணம். விளைவைப் பாருங்கள். மொழிபெயர்ப்பும் ஒரு மாற்றம்தான் என்பதால், உங்கள் கட்டுரையை இன்னொரு மொழியில் வெளியிட நினைப்பவர் ஒவ்வொரு முறையும் உங்களிடம் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். உங்கள் வரைபடத்தை விக்கிப்பீடியாவின் படத்தொகுப்பில் சேர்க்க முடியாது. அங்கே 'பை', 'பை-எஸ்ஏ' போன்ற உரிமங்களே செல்லும். கட்டணம் வாங்கும் பாடப்புத்தகத்தில் ஓர் அட்டவணையை எடுத்தாள முடியுமா என்பதே விவாதமாகிவிடும். என் பரிந்துரை சிசி-பை. நேர்காணல் உரைகள், மரபறிவுப் பதிவுகள் போன்று பிறர் நம்பிக்கையோடு கொடுத்த பொருள் கட்டுரையில் இருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது.

இதழ் அனுப்பும் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரியைத் தேடுங்கள்: பதிப்புரிமையைக் கைமாற்றுகிறீர்களா, வெளியிடும் உரிமத்தை மட்டும் தருகிறீர்களா? கைமாற்றினால், அதன் பிறகு உங்கள் கட்டுரையில் உங்களுக்கு ஒப்பந்தம் விட்டுவைத்த உரிமைகள் மட்டுமே. இதற்கு மாற்றாக, ஹார்வர்டின் கலை அறிவியல் ஆசிரியர் குழு 2008 பிப்ரவரியில் ஒரு தீர்மானம் போட்டது: கட்டுரை எழுதும்போதே அதைக் களஞ்சியத்தில் வைக்கும் உரிமை பல்கலைக்கழகத்துக்குச் சேர்ந்துவிடும், பிறகு வரும் ஒப்பந்தம் அதற்குப் பின்னால்தான். இதைப் பின்பற்றும் நிறுவனங்கள் இப்போது நிறைய. உங்களுடையதும் அவற்றில் ஒன்றா என்று உங்கள் நூலகரைக் கேளுங்கள்.

படி 5: கட்டணம் கேட்டால்

உங்கள் நிறுவனத்துக்கும் பதிப்பகத்துக்கும் திறந்த அணுகல் கட்டணத்தை ஈடுகட்டும் ஒப்பந்தம் இருந்தால் நீங்கள் எதுவும் கட்ட வேண்டியிருக்காது. அது பெரும்பாலும் முதன்மைத் தொடர்பாளர் எந்த நிறுவனம் என்பதைப் பொறுத்தது. அவர் தன் நிறுவன மின்னஞ்சலைத் தராமல் சொந்த மின்னஞ்சலைத் தந்து சலுகையை இழந்த கதைகள் உண்டு. ஒப்பந்தம் இல்லையென்றால் கட்டண விலக்குக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்; வருமானம் குறைந்த நாடுகளின் ஆசிரியர்களுக்குப் பல பதிப்பகங்கள் தாமாகவே விலக்குத் தருகின்றன. ஆனால் சமர்ப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். ஏற்புக் கடிதமும் ரசீதும் வந்த பிறகு கேட்டால் பல பதிப்பகங்கள் பரிசீலிப்பதில்லை.

படி 6: போலி இதழை அடையாளம் காணுங்கள்

இந்த மின்னஞ்சல் உங்களுக்கும் வந்திருக்கும். தொடக்கத்திலேயே உங்களை மாபெரும் அறிஞர் என்று புகழ்கிறது. உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத இதழ். மண்ணியல் ஆய்வாளரிடம் பல் மருத்துவக் கட்டுரை கேட்கிறது. 72 மணி நேரத்தில் மதிப்பாய்வு முடியும் என்று உறுதி தருகிறது. இதழ் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகிறது என்று சொல்லும் 'தாக்கக் குறியீடு' என்று ஓர் எண்; யார் கணக்கிட்டது என்று இல்லை. கட்டணம் எவ்வளவு என்பது மட்டும் தளத்தில் எங்கு தேடினாலும் கிடைக்காது.

2013இல் சயன்ஸ் இதழ் ஒரு சோதனை நடத்தியது. வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையை ஜான் பொஹானன் 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். பாதிக்கு மேற்பட்டவை ஏற்றுக்கொண்டன. திறந்த அணுகலே மோசடி என்று அப்போது பலர் பேசினார்கள். சந்தா இதழ்களுக்கு அவர் அதை அனுப்பவே இல்லை என்பதால் ஒப்பிட்டுச் சொல்ல அந்தச் சோதனையில் இடமில்லை. ஆனாலும் அசட்டையாக இருக்க முடியாது என்பதை அது நன்றாகவே காட்டியது.

சரிபார்க்கும்போது இதழ் தன்னைப் பற்றிச் சொல்வதை நம்பாதீர்கள். மறுபக்கத்தில் போய்ப் பாருங்கள். டி.ஓ.ஏ.ஜே.யில் இருக்கிறோம் என்றால் டி.ஓ.ஏ.ஜே. தளத்தில் தேடுங்கள். பதிப்பு அறநெறிக் குழுவான கோப் அமைப்பில் உறுப்பினர் என்றால் அதன் பட்டியலைப் பாருங்கள். ஆசிரியர் குழுவில் ஒரு பேராசிரியரின் பெயர் இருந்தால், அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த இதழைக் குறிப்பிடுகிறாரா என்று பாருங்கள். தன் பெயர் அங்கே இருப்பதே தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரச்சான்று ஆகாது. அது வெறும் அடையாள எண். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே நகலெடுத்து வேறு முகவரியில் நடத்தும் கடத்தல் இதழ்களும் உண்டு. 2015இல் தொடங்கிய 'திங்க், செக், சப்மிட்' தளத்தில் கேள்விப்பட்டியல் ஒன்று இருக்கிறது. முதல் கட்டுரை அனுப்புபவர் அதை ஒருமுறை நிரப்பிப் பார்ப்பது நல்லது. தெரியாமல் அனுப்பிவிட்டீர்கள், திரும்பப் பெற வேண்டுமானால் கட்டணம் என்கிறார்களா? கட்டாதீர்கள். எழுத்து மூலம் திரும்பப் பெறுவதாகத் தெரிவித்து, அந்தக் கடிதங்களைப் பத்திரப்படுத்துங்கள்.

படி 7: களஞ்சியத்தில் ஏற்றுங்கள்

ஆய்வாளருக்குரிய அடையாள எண்ணான ஆர்க்கிட் எண் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள்; இலவசம், ஐந்து நிமிட வேலை. 16 இலக்கங்களில் உங்களை ஒரே பெயருடைய மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டும். முன்னெழுத்து முன்னால் ஒரு கட்டுரையிலும் பின்னால் இன்னொன்றிலும் வரும் நம்மவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

பிறகு ஏற்கப்பட்ட கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி, முதல் பக்கத்தில் 'இது ஏற்கப்பட்ட வடிவம்' என்ற குறிப்பும் டி.ஓ.ஐ. இணைப்பும் சேர்த்து, நிறுவனக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். மதிப்பாய்வாளருக்காக வண்ணம் தீட்டிய வரிகளும் ஓரக் குறிப்புகளும் இருந்தால் முதலில் நீக்கிவிடுங்கள். தடைக்காலம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், மறந்துபோவீர்கள். இன்றே ஏற்றி, திறக்கும் தேதியைக் குறித்துவிட்டால் களஞ்சியம் அன்று தானாகத் திறந்துகொள்ளும். அதுவரை தலைப்பும் சுருக்கமும் தெரியும். நிறுவனத்தில் களஞ்சியம் இல்லாதவர்களுக்கு சேர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்தும் ஸெனோடோ இருக்கிறது.

நூலகர்களுக்குத் தனியாக

பேராசிரியர்கள் தாமே வந்து ஏற்றுவார்கள் என்று காத்திருந்த முதல் இரண்டு வருடங்கள் எனக்கு வீண். "உங்கள் ஏற்புக் கடிதத்தை எனக்கு முன்னனுப்புங்கள், கோப்பையும் இணையுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மாற்றிய பிறகுதான் வேலை நகர்ந்தது. கொள்கையைத் தேடுவது, தடைக்காலத்தைக் கணக்கிடுவது, விவரங்களை நிரப்புவது எல்லாம் நம் தொழில். இயற்பியலாளரிடம் அதைத் தள்ளுவதில் அர்த்தமில்லை.

மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். சவுதாம்ப்டனில் பிறந்த இபிரிண்ட்ஸ், எம்.ஐ.டி.யும் எச்.பி. நிறுவனமும் 2002இல் வெளியிட்ட டிஸ்பேஸ் இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். ஒவ்வொரு பதிவிலும் வடிவம், உரிமம், தடைக்காலம் முடியும் தேதி மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்கும் களஞ்சியங்களில் இவைதான் காலியாகக் கிடக்கின்றன. ஸ்கேன் செய்த படமாக ஏற்றிய பிடிஎஃபில் தேடுபொறிக்கு ஒரு சொல்லும் அகப்படாது; எழுத்தாக மாற்றி ஏற்றுங்கள். களஞ்சியத்தை, உலகக் களஞ்சியங்களைத் தொகுக்கும் ஓப்பன்டோர் பட்டியலில் பதிவு செய்யுங்கள்.

உங்கள் நிறுவனம் சொந்தமாக இதழ் நடத்தினால் ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் மென்பொருள் போதும். ஆனால் தளத்தை நடத்துவதோடு பாதுகாப்பையும் யோசியுங்கள். 2000க்கும் 2019க்கும் இடையில் 170க்கும் மேற்பட்ட திறந்த அணுகல் இதழ்கள் இணையத்திலிருந்து சுவடின்றி மறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கெடுத்திருக்கிறது. சேவையகத்துக்குச் சந்தா கட்ட மறந்தாலே போதும், பத்து வருட உழைப்பு போய்விடும். லாக்ஸ், போர்ட்டிகோ போன்ற பாதுகாப்பு வலையமைப்புகளில் சேருவது அதற்காகத்தான்.

படிக்க மட்டும் வந்தவர்களுக்கு

அன்பேவால் என்னும் உலாவி நீட்சியை நிறுவிக்கொள்ளுங்கள். பூட்டிய கட்டுரையின் பக்கத்தில் நிற்கும்போது, அதன் சட்டப்படியான திறந்த படி வேறெங்காவது இருந்தால் ஓரத்தில் திறந்த பூட்டின் பச்சைக் குறி தெரியும். கூகுள் ஸ்காலரில் கட்டுரையின் கீழே 'அனைத்துப் பதிப்புகள்' என்பதையும் சொடுக்கிப் பாருங்கள். இரண்டும் கைவிட்டால் ஆசிரியருக்கே இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள், அந்த வேர்டு கோப்பு இன்னும் கையில் இருந்தால்.